விதைக் காச்சிலைத் தின்ற வேளாண்மை அலுவலர்

கேள்வி பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த முறை எனக்கு அனுப்பியிருந்தார்கள். தென்காசி மாவட்டத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது: "எங்கள் வேலியில் வருடா வருடம் முளைக்கும் வள்ளிக்கொடி இரண்டு வருடமாக முளைக்கவில்லை. விதைக்கடையில் போய்க் கேட்டால், 'சர்க்கரைவள்ளியா, மரவள்ளியா?' என்கிறார்கள். வெறும் வள்ளிக்கு விதை எங்கே கிடைக்கும்?"

இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். வள்ளிக்கு விதைப் பொட்டலம் கிடையாது, கிழங்குதான் விதை, வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ஆனால் 'வெறும் வள்ளி' என்று அவர் எழுதியிருந்தது என் மனதை விட்டுப் போகவில்லை. அப்படி ஒரு வெறும் வள்ளியைத் தொலைத்தவன் நான். அதுவும் வேளாண்மை படித்து, அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில். ஆகவே பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையடிவாரம். பெருவள்ளியை எங்கள் பக்கம் காச்சில் என்போம். வேறு ஊர்களில் வெற்றிலைவள்ளி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஊதா நிறக் கிழங்குக்கு ராசவள்ளி என்று பெயர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பலா மரம். அதன் மூட்டில் ஒவ்வொரு மாசியிலும் அம்மா குழி தோண்டி, சாணமும் சாம்பலும் போட்டு, ஒரு துண்டு காச்சிலை வைத்து மூடுவார். சித்திரை மழைக்கு முளை வரும். நான்கு பட்டையும், பட்டை ஓரத்தில் மெல்லிய சிறகும் உள்ள தண்டு மரத்தைச் சுற்றி ஏறும். மார்கழியில் இலை பழுத்துக் கொடி காய்ந்ததும் தோண்டுவோம். தோலைச் சீவினால் உள்ளே ஊதா. நீலக் காச்சில் என்போம். அவித்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியைத் தொட்டுச் சாப்பிட்டால் அன்றைக்கு வேறு பலகாரம் வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு 'ஏக்கருக்கு எத்தனை டன்' என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. மரத்தைப் பிடித்து ஏறும் ஒற்றைக் கொடி என் கண்ணுக்குப் பயிராகவே தெரியவில்லை. அப்படியிருக்க, ஒரு தை மாதம் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா காலில் அடிபட்டுப் படுத்திருந்தார். அவரைப் பார்க்க உறவினர்கள் வந்தார்கள். விருந்தாளிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, அடுக்களை மூலையில் சாக்குக்கு அடியில் கிடந்த காச்சிலை எடுத்து, முழுவதையும் சீவி, அவித்துப் பரிமாறினேன். எல்லாரும் பாராட்டிச் சாப்பிட்டார்கள்.

மாசி பிறந்ததும் அம்மா கேட்டார்: "விதைக்கு மாத்தி வச்ச காச்சில எங்க மக்கா?"

சொன்னேன். அம்மா கோபப்படவில்லை. "சரி, போட்டு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சந்தையில் வெள்ளைக் காச்சில் வாங்கி வந்து அதே குழியில் வைத்தேன். நன்றாகவே விளைந்தது. அம்மா சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. நெல் விதை தீர்ந்தால் இன்னொருவரிடம் வாங்கிக்கொள்வதைப் போன்றதுதானே இதுவும் என்று அன்று நினைத்தேன். அப்படி இல்லை என்பது, இந்தக் கிழங்கு எங்கிருந்து எப்படி வந்தது என்று பின்னாளில் படிக்கத் தொடங்கியபோதுதான் புரிந்தது.

காற்றில் பறந்த விதை

வள்ளிகளின் பேரினத்துக்கு டயஸ்கோரியா என்று பெயர். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸின் நினைவாக வைத்தது. இதில் 600-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நெல்லையும் தென்னையையும் போல ஒருவித்திலைத் தாவரம்; ஆனால் இலையைப் பார்த்தால் நரம்பு வலைபோல ஓடியிருக்கும். பனையில் ஆண் மரம், பெண் மரம் என்று இருப்பதைப் போல, வள்ளியிலும் பெரும்பாலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடியில் மூன்று பட்டையுள்ள காய் பிடிக்கும். அது காய்ந்து வெடித்தால் சிறகு முளைத்த விதைகள் காற்றில் பறக்கும்.

டைனோசர்களின் கடைசிக் காலத்தை ஒட்டி இந்தப் பேரினம் தோன்றியிருக்க வேண்டும் என்று மரபணு ஆய்வுகள் கணக்கிடுகின்றன. மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று பரவி, அங்கங்கே தனித்தனி இனங்களாகப் பிரிந்துவிட்டது.

இந்தக் கொடிக்குக் கிழங்கு எதற்கு? பாதி வருடம் மழை, பாதி வருடம் வறட்சி உள்ள நிலத்தை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் கொடி மர உச்சிக்கு ஏறி வெயிலைப் பிடித்து, செய்த மாவையெல்லாம் மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. வறட்சியில் மேலே எல்லாம் காய்ந்துவிடும். அடுத்த மழைக்குக் கீழே இருக்கும் சேமிப்புதான் முதல். சேமிப்பு இருக்கும் இடத்துக்குத் திருடனும் வருவான் அல்லவா? பன்றியும் முள்ளம்பன்றியும் தோண்டித் தின்னாமல் இருக்க, காட்டு வள்ளிகள் சில கிழங்கை ஆழத்தில் ஒளித்தன. சில கிழங்கைச் சுற்றி முள் வேரை வளர்த்தன. சில நஞ்சை ஏற்றிக்கொண்டன.

அந்த நஞ்சையும் மனிதன் விடவில்லை. இந்தோனேசியாவில் 'காடுங்' என்னும் நச்சு வள்ளியைச் சீவி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து நஞ்சை நீக்கிச் சாப்பிடுகிறார்கள். போர்னியோ தீவின் நியா குகையில் 30,000 ஆண்டுகளுக்கும் முந்தைய மண்ணடுக்குகளில் வள்ளிக்கிழங்கின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. உழவு என்பதே இல்லாத காலத்து உணவு அது. நம் புறநானூற்றிலும், 109-ஆம் பாட்டில், பாரியின் பறம்பு மலையில் உழாமலே கிடைக்கும் நான்கு பொருள்களில் ஒன்றாக வள்ளிக்கிழங்கைக் கபிலர் வைக்கிறார்.

காட்டிலிருந்து குழிக்கு

காட்டு வள்ளியைத் தோட்டத்து வள்ளியாக்கியது ஒரே ஊர்க்காரர்கள் இல்லை. சீனாவில் குளிர் தாங்கும் ஒரு வள்ளி, தென் அமெரிக்காவில் குஷ்குஷ் என்னும் சிறிய வள்ளி, தென்கிழக்கு ஆசியா முதல் நியூகினி வரையிலான பகுதியில் நம் பெருவள்ளி, மேற்கு ஆப்பிரிக்காவில் வெள்ளை வள்ளி என்று வெவ்வேறு மக்கள் வெவ்வேறு இனங்களைப் பழக்கினார்கள். பப்புவா நியூகினியின் மலைநாட்டில் கூக் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. 2008-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அங்கே கிடைத்த பழங்காலக் கல் கருவிகளில் சேம்பு, வள்ளி ஆகியவற்றின் மாவுத் துகள்கள் ஒட்டியிருந்தன.

மேற்கு ஆப்பிரிக்க வெள்ளை வள்ளியின் பூர்வீகம் அண்மையில்தான் தெளிவானது. காட்டு வள்ளி, பயிர் வள்ளி என 167 செடிகளின் மரபணுவைப் படித்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. பயிர் வள்ளி, மழைக்காட்டில் வளரும் ஒரு காட்டு வள்ளியிலிருந்து வந்தது என்றும், கானாவின் கிழக்குப் பகுதிக்கும் நைஜீரியாவின் மேற்குப் பகுதிக்கும் இடையிலுள்ள நைஜர் ஆற்றுப் படுகையே அதன் தொட்டில் என்றும் அது காட்டியது. அடுத்த ஆண்டே ஜப்பானிய ஆய்வாளர்கள், மழைக்காட்டு வள்ளியோடு புல்வெளி நிலத்து வள்ளியும் கலந்து பிறந்த பிள்ளைதான் இது என்று கண்டார்கள். காட்டு நிழலில் ஆழத்தில் கிடந்த கிழங்கை வெயில் நிலத்தில் மேலாகப் பருக்க வைத்தது, பெயர் தெரியாத அந்த ஊர் விவசாயிகளின் தேர்வு. நல்லதைத் தின்னாமல் எடுத்து வைத்து மறுபடி நட்டார்கள்.

தோட்டத்துக்கு வந்தபின் வள்ளிக்கு ஒன்று நடந்தது. தலைமுறை தலைமுறையாகக் கிழங்கையே வெட்டி வைத்ததில் விதை தேவைப்படவில்லை. இன்று பெருவள்ளி ரகங்கள் பல பூப்பதே இல்லை. பூத்தாலும் விதை பிடிப்பது அரிது. காற்றில் பறந்த கொடி, மனிதன் கையை எதிர்பார்க்கும் கொடியாகிவிட்டது. ஒரு துண்டிலிருந்து முளைத்த கொடி, தாய்க்கொடியின் பிள்ளை அல்ல, அதே கொடிதான். அம்மா குழியில் வைத்த துண்டு, யாரோ ஒருவர் எப்போதோ தேர்ந்தெடுத்த செடியின் அறுபடாத தொடர்ச்சி. அதைத்தான் நான் சீவி அவித்தேன்.

படகிலும் கப்பலிலும்

பெருவள்ளி உலகைச் சுற்றியது படகில். தென்கிழக்கு ஆசியத் தீவுகளிலிருந்து புறப்பட்ட கடலோடிகள் குழந்தை குட்டிகளோடு விதைக் கிழங்கையும் ஏற்றிக்கொண்டார்கள். அவர்கள் போன வழியை அந்தப் பெயரே சொல்லும். மலாயில் உபி, பிலிப்பைன்ஸில் உபே, பிஜியில் உவி, டோங்காவில் உஃபி, ஹவாயில் உஹி, நியூசிலாந்து மாவோரிகளிடம் உவி. எதிர்த்திசையில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மடகாஸ்கர் போனவர்களிடம் ஓவி. பசிபிக் தொடங்கி ஆப்பிரிக்கக் கரை வரை ஒரே சொல், ஒரே கிழங்கு. நியூகினியின் அபெலாம் மக்கள் ஆளைவிட நீளமாகக் கிழங்கு வளர்த்து, அதற்கு முகமூடி கட்டி அலங்கரிப்பார்கள். யாருடைய கிழங்கு பெரிதோ அவருக்கு ஊரில் மதிப்பு. டிரோபிரியாண்ட் தீவுகளில் வள்ளி வைப்பதற்கென்றே, நம் நெல் குதிரைப் போல, தனி வீடு கட்டுகிறார்கள்.

அடுத்த பயணம் கண்ணீரோடு நடந்தது. போர்ச்சுகீசியர் காலத்தில் ஆசியப் பெருவள்ளி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் அவர்களுக்குச் சாப்பாடு வள்ளிக்கிழங்கு. மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்பதுதான் காரணம். 500 பேரை ஏற்றும் கப்பலுக்கு ஒரு லட்சம் கிழங்குக்கு மேல் வேண்டும் என்று அந்தக் காலத்துப் பிரெஞ்சு வணிகர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கரீபியன் தீவுகளில் கரும்புத் தோட்ட வேலை முடிந்த பிறகு, கிடைத்த துண்டு நிலத்தில் அந்த மக்கள் தங்களுக்கென்று வள்ளி நட்டார்கள். எல்லாம் பறிபோன இடத்தில் சொந்த ஊரிலிருந்து மிஞ்சியவற்றில் அதுவும் ஒன்று. ஜமைக்கா ஓட்டக்காரர் உசேன் போல்ட் 2008 ஒலிம்பிக்கில் வென்றபோது, தங்கள் டிரெலானி வட்டாரத்து வள்ளிக்கிழங்குதான் காரணம் என்று அவருடைய தந்தை செய்தியாளர்களிடம் சொன்னார்.

பெயர் இருக்கிறது, கிழங்கு எங்கே?

ஆங்கிலத்தில் இதற்கு 'யாம்' என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் 'சாப்பிடு' என்று பொருள்படும் 'ஞாம்' போன்ற சொற்களிலிருந்து வந்தது. ஆனால் அமெரிக்கக் கடையில் 'யாம்' என்று கேட்டால் சர்க்கரைவள்ளியைத்தான் எடுத்துத் தருவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், கிடைத்த சர்க்கரைவள்ளிக்குத் தங்கள் பழைய கிழங்கின் பெயரை வைத்தார்கள். 1930-களில் லூசியானா மாநிலத்து வியாபாரிகள் அந்தப் பெயரிலேயே அதை விற்றார்கள். நம் ஊரில் இன்னொரு குழப்பம்: சேனைக்கிழங்கை ஆங்கிலத்தில் யாம் என்கிறோம். அது சேம்புக்குச் சொந்தக்காரன், வள்ளிக்கு உறவில்லை.

அமெரிக்கரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சில நூறு ஆண்டுகளுக்கு முன் வந்தவை. வள்ளி இனத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பே கிடையாது. நாம்தான் நம் பழைய கிழங்கின் பெயரை அவற்றுக்குக் கொடுத்தோம். மலாய்க்காரர்களும் மரவள்ளிக்கு 'உபி காயு' என்றே பெயர் வைத்தார்கள். காயு என்றால் மரம். எங்கோ இருக்கும் இரண்டு மக்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். பிறகு புதியவை இரண்டும் வயலைப் பிடித்துக்கொண்டன. பெயருக்கு உரிய வள்ளி வேலிக்குப் போனது. இப்போது வேலியிலும் இல்லை. அதனால்தான் விதைக்கடைக்காரர், 'எந்த வள்ளி?' என்று கேட்கிறார்.

புதியவை ஏன் வென்றன? சுவையோ விளைச்சலோ மட்டும் காரணமில்லை. மரவள்ளியில் கிழங்கைச் சாப்பிட்டுவிட்டுக் குச்சியை நடலாம். சர்க்கரைவள்ளியில் கிழங்கை விற்றுவிட்டுக் கொடியை நறுக்கி நடலாம். வள்ளியில் மட்டும் சாப்பாடும் விதையும் ஒன்றே. பசித்த வீட்டிலும் ஒரு பங்கைத் தொடாமல் எடுத்து வைக்க வேண்டும். பஞ்சத்திலோ, நோயிலோ, ஒரு அவசர விருந்திலோ அந்தக் கட்டுப்பாடு ஒருமுறை தவறினால் போதும்.

அந்தக் கட்டுப்பாட்டை விடாமல் வைத்திருப்பவர்கள் மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகள். உலகில் விளையும் வள்ளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நைஜீரியாவில்தான் விளைகிறது. இக்போ மக்கள் புது வள்ளித் திருநாள் கொண்டாடாமல் புதுக்கிழங்கைத் தொடமாட்டார்கள். அங்கே பருவத்தின் நடுவிலேயே வேரறுக்காமல் முதல் கிழங்கை எடுத்துவிட்டு மண்ணை மூடிவிடுவார்கள். அதே கொடி பருவ முடிவில் இன்னொரு முறை கிழங்கு வைக்கும். முதல் அறுவடை வாய்க்கு, இரண்டாவது விதைக்கு. பெனின் நாட்டு விவசாயிகள் சிலர் இன்றைக்கும் காட்டு வள்ளியைத் தோண்டி வந்து, சில வருடம் தோட்டத்தில் நட்டுப் பழக்கி, பயிராக்குகிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலை அங்கே இன்னும் முடியவில்லை.

ஒரே ரகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் பாடம் இருக்கிறது. பார்படோஸ் தீவில் 'வெள்ளை லிஸ்பன்' என்ற பெருவள்ளி ரகத்தையே பெரிதும் பயிரிட்டார்கள். எல்லாம் ஒரே செடியின் துண்டுகள். ஆந்த்ராக்னோஸ் இலைக்கருகல் வந்தபோது ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. வேலிக்கு வேலி வேறு வேறு வள்ளி இருப்பதுதான் காப்பு.

அத்தை தந்த துண்டு

அம்மா காலமாகி நாலைந்து வருடம் கழித்து, தூரத்து உறவில் ஒரு அத்தை வீட்டுக்குக் கல்யாண அழைப்புக் கொடுக்கப் போனேன். புறவாசலில் மா மரத்தில் ஒரு காச்சில் கொடி காய்ந்து தொங்கியது. கேட்டேன். கிழங்கை எடுத்து வந்து ஓரத்தில் நகத்தால் கீறிக் காட்டினார். ஊதா.

"இது எங்க கிடச்சது அத்தை?"

"உங்க அம்மை தந்ததுதான். என்னைக் கெட்டிக் குடுத்து இங்க வந்த வருசம்."

பணம் கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். "விதைக்கு யாராவது சக்கரம் வாங்குவாவளா?" என்றார். அது எங்கள் வீட்டுக் காச்சில்தானா என்று உறுதியாகச் சொல்ல அம்மா இல்லை. ஆனால் அவித்தபோது அந்த மணம் அதேதான். இந்த முறை தலைப்பகுதியை வெட்டி எடுத்து வைத்த பிறகுதான் மீதியை அவித்தேன்.

கேட்டவருக்கும், வேலியில் இன்னும் கொடி நிற்கும் மற்றவர்களுக்கும், செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கொடி முழுவதும் காய்ந்த பின் காயம் படாமல் தோண்டுங்கள். நோயில்லாத நல்ல கிழங்கை, தின்பதற்கு முன்பே, விதைக்கென்று பிரித்து வையுங்கள். நிழலான, காற்றோட்டமான இடத்தில் மணல் பரப்பி ஒற்றை அடுக்காகப் போட்டால் இரண்டு மூன்று மாதம் உறங்கிக் கிடக்கும். மாசி பங்குனியில் 250 முதல் 300 கிராம் துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் தோல் இருக்கும்படி வெட்டுங்கள். கொடி வந்த பக்கமான தலைத்துண்டு முதலில் முளைக்கும். சாணிக்கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தி, ஒன்றரை அடிக் குழியில் மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி நட்டு, சருகால் மூடுங்கள். குழிக்குக் குழி மூன்று அடி. கொடி ஏற மரமோ கயிறோ வேண்டும். ஒரு துண்டை உங்கள் வீட்டிலும், இன்னொன்றை வேறு ஒரு வீட்டிலும் நடுங்கள். அம்மாவின் காச்சில் பிழைத்தது அப்படித்தான்.

புதிய ரகம் வேண்டுமென்றால், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். பெருவள்ளியில் ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா, சிறுவள்ளியில் ஸ்ரீ லதா, ஆப்பிரிக்க வெள்ளை வள்ளியில் ஸ்ரீ பிரியா, ஸ்ரீ சுப்ரா ஆகியவை அவர்கள் வெளியிட்டவை. ஸ்ரீ தன்யா குட்டை ரகம். பந்தலோ கம்போ தேவையில்லை. இவை நல்ல ரகங்கள், நானே நட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் வேலியில் நின்றது எந்த நிலையத்திலும் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

தென்காசி வாசகருக்கு: உங்கள் வள்ளி வெள்ளையா ஊதாவா, தண்டில் சிறகா முள்ளா என்று எழுதவில்லை. முள் என்றால் சிறுவள்ளி. வீட்டில் வயதான பெண்களிடம் முதலில் கேளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பெண் கொடுத்த ஊர்கள், பெண் எடுத்த ஊர்கள், அத்தை சித்தி வீட்டுப் புறவாசல்கள் என்று தேடுங்கள். தை முடிவதற்குள் தேடுங்கள். அதற்குப் பிறகு யாராவது அவித்துவிடுவார்கள். எங்கும் கிடைக்கவில்லை என்றால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். நீலக் காச்சிலில் ஒரு தலைத்துண்டு உங்கள் பெயருக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.